வாசல் குழி

செப்டம்பர் 9, 2024, திங்கள்

பிள்ளையாரைக் குழியில் போட்டுவிட்டான். மூன்றாம் நாள் பக்கெட்டில் கரைக்கலாம் என்று சனிக்கிழமையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன். சின்னவனுக்கு அவ்வளவு பொறுமை ஏது? பால் பொங்குகிறதே என்று உள்ளே ஓடினேன், அந்த நேரத்தில் குடையோடு தூக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டியிருக்கிறான். "பிள்ளையார் ஜம்ப் பண்ணிட்டாரும்மா" என்கிறான். எருக்கம்பூ மாலை மட்டும் மேலே மிதக்கிறது.

கேட்டிலிருந்து இரண்டு எட்டில், மழைநீர் வடிகாலுக்குத் தோண்டிய குழி. ஐந்தடி ஆழம். சுவர் எழுப்ப நட்ட கம்பிகள் ஈட்டி மாதிரி நிற்கின்றன. பிள்ளையாரோடு போயிற்று என்று அத்தை சொல்லிவிட்டு, உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

செப்டம்பர் 10

கேட்டுக்குப் பூட்டு வாங்கியாயிற்று. சாவியை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை.

செப்டம்பர் 13, வெள்ளி

சைட் இன்ஜினியருக்கு ஐந்தாவது போன். "ரெண்டு நாள்ல முடிஞ்சிடும் மேடம்." ஆகஸ்ட் முதல் வாரத்திலிருந்து இதே ரெண்டு நாள்தான். சாயங்காலம் யாரோ வந்து பச்சைத் துணியைக் கம்பியில் கட்டிவிட்டுப் போனார்கள். பாதுகாப்பாம். அந்தத் துணி கொலுப்படிக்குப் பின்னால் கட்ட நன்றாக இருக்கும் என்கிறாள் பெரியவள்.

ஸ்கூல் வேன் தெருவுக்குள் வராது. இவனை இடுப்பில் வைத்து, அவள் பையைத் தோளில் மாட்டி, காம்பவுண்டு சுவரை உரசிக்கொண்டே மெயின் ரோடு வரை நடை. புடவை கட்டும் நாட்களில் சுவர்ப் பாசியும் சேர்ந்து ஆபீஸ் வருகிறது.

செப்டம்பர் 17

சின்னவனுக்குக் காய்ச்சல். 102.

செப்டம்பர் 19, வியாழன்

மூன்றாவது நாள். டெங்கு டெஸ்ட், என்எஸ்1, நெகட்டிவ். பிளேட்லெட் ஒரு லட்சத்து அறுபதாயிரம். டாக்டர் பாராசிட்டமால் தவிர வேறு எதையும் கொடுக்காதீர்கள் என்று இரண்டு முறை சொன்னார், புரூஃபென் பக்கமே போகக்கூடாதாம். வீட்டில் இருந்த பாட்டிலைத் தூக்கிப் போட்டேன். அத்தை நிலவேம்பு கொதிக்க வைத்திருக்கிறார். மூன்று வயதுப் பிள்ளை அதைக் குடிக்குமா? நான்தான் குடித்தேன். ராத்திரி முழுக்கக் கசப்பு.

இரவு இரண்டு மணி. ஜன்னல் வழியே குழி தெரிகிறது. தெருவிளக்கு அதில் விழுந்து கிடக்கிறது. அந்தத் தண்ணீரில் எத்தனை கொசு பிறந்திருக்கும், அதில் எது இவனைக் கடித்திருக்கும் என்று எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். குழிக்காகக் கொடுக்க வேண்டிய மனுவின் வரிகளெல்லாம் இந்த நேரத்தில்தான் வருகின்றன. "தங்கள் மேலான கவனத்திற்கு" என்று ஆரம்பித்தால் அழுகை வருகிறது.

செப்டம்பர் 21, சனி

காய்ச்சல் விட்டது. விட்ட பிறகுதான் கவனமாக இருக்க வேண்டும், அடுத்த ஒன்றிரண்டு நாள்தான் முக்கியம் என்று டாக்டர். டெஸ்ட் நெகட்டிவ் என்றாலும் பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறார். வயிறு வலிக்கிறதா, வாந்தி வருகிறதா, யூரின் போகிறானா? ஒவ்வொரு தடவை போகும்போதும் மணியைக் குறித்து வைக்கிறேன். 9.10, 12.40, 3.15. கணக்கில் வீக்கான எனக்கு இந்தப் பட்டியல் மட்டும் மனப்பாடம்.

செப்டம்பர் 23, திங்கள்

இவன் தோசை கேட்டான்! இரண்டு!

அப்புறம் கொசு ஒழிப்புப் பணியாளர் வந்தார். ஐம்பது வயதிருக்கும் அம்மா, கையில் டார்ச். வந்ததும் குழியைக் காட்டினேன், ஒரு வாரக் கோபத்தோடு. எட்டிப் பார்த்து, "இது சேறும்மா. டெங்கு கொசுவுக்கு நல்ல தண்ணிதான் வேணும். வீட்டுக்குள்ள பாக்கலாமா?" என்றார். ஃப்ரிட்ஜின் பின் தட்டு சுத்தம். மொட்டை மாடியில் தேங்காய்ச் சிரட்டை இல்லை. பால்கனியில் கண்ணாடி பாட்டிலில் மணி பிளான்ட். டார்ச் அடித்தார். உள்ளே வால் ஆட்டிக்கொண்டு ஆறேழு கொசுப்புழு. "வாரத்துக்கு ஒரு தடவ தண்ணிய மாத்தும்மா, எட்டு நாள்ல பறந்துடும்." திட்டக்கூட இல்லை.

பாட்டிலைக் கவிழ்த்தேன். கணவரிடம் சொல்லவில்லை.

செப்டம்பர் 24

சொல்லவில்லை.

அக்டோபர் 3, வியாழன்

கொலு வைத்தாயிற்று. ஐந்து படி. பெரியவள் கீழே பார்க் கட்டியிருக்கிறாள், கடுகு முளைத்த புல்லோடு. நடுவில் ஒரு பள்ளம், ஓரத்தில் பல்குச்சிகள். "இது நம்ம தெருடி" என்று எதிர்வீட்டுப் பெண்ணிடம் விளக்கம்.

நல்ல யோசனை எதிர்வீட்டு அக்காவுடையது. ஒன்பது நாளும் வீடு வீடாகப் போகத்தானே போகிறோம், வெற்றிலை பாக்கோடு மனுவையும் கொண்டு போகலாமே என்றார். முதல் நாள் பதினொரு கையெழுத்து. மாடிவீட்டு மாமி சுண்டல் எண்ணெயோடு கட்டை விரலை வைத்துவிட்டார். அது கையெழுத்தா, கைநாட்டா?

அக்டோபர் 6, ஞாயிறு

விமானப்படை சாகசம் பார்க்க மெரினா போவதாகத் திட்டம். வேளச்சேரி ஸ்டேஷனில் கால் வைக்க இடமில்லை. பெரியவள் அழ அழத் திரும்பினோம். சாயங்காலம், அங்கே போனவர்களில் சிலர் இறந்த செய்தியைப் பார்த்தபின் இவர் அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார், காரணம் சொல்லாமல்.

அக்டோபர் 9, புதன்

நாற்பத்து மூன்று கையெழுத்தோடு போனேன். மாநகராட்சி ஏ.இ. (உதவிப் பொறியாளர்) வரைபடத்தை விரித்துக் காட்டினார். எங்கள் தெரு வடிகால் முடிந்துவிட்டதாம், பெரிய கால்வாயோடு சேர்க்கிற கடைசி நாலு மீட்டர்தான் பாக்கி. அது இல்லாவிட்டால் மீதி அத்தனையும் வெறும் தொட்டி. மழை பெய்தால் தண்ணீர் போவதற்குப் பதில் வரும்.

ஏன் நிற்கிறது? மூன்று வீட்டு வாசல் சரிவுகள் ரோட்டில் நீட்டிக்கொண்டிருக்கின்றன. உடைக்க விடவில்லை. ஒன்று மாடிவீட்டு மாமி, முதலில் கையெழுத்துப் போட்டவர். ஒன்று கோடி வீடு. மூன்றாவது எங்கள் வீடு. ஜூலையில் ஆள் வந்தபோது அத்தை, "எனக்கு முட்டி வலி, படி ஏற முடியாது, போப்பா" என்று அனுப்பியிருக்கிறார். எனக்குத் தெரியாது. இவருக்குத் தெரியும்.

மனுவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்தேன். ஆட்டோவில் அடக்க முடியாத சிரிப்பு, பிறகு சிரிப்பு இல்லை.

அக்டோபர் 10

யாரிடமும் பேசவில்லை. மணி பிளான்ட் விஷயம் வேறு நினைவுக்கு வருகிறது.

அக்டோபர் 12, சனி

விஜயதசமி. தாம்பாளத்தில் அரிசி பரப்பி, அத்தை மடியில் இவன். விரலைப் பிடித்து "அ" எழுத வைத்தார். கையை உதறிக்கொண்டு தானாக ஒரு வட்டம் போட்டான். "குழி" என்றான். எல்லோரும் சிரித்தோம். அத்தை சிரிக்கவில்லை.

ராத்திரி கதவு நிலை அருகே நின்றுகொண்டிருந்தார். அந்த நிலையில்தான் பிள்ளைகளின் உயரம் குறிக்கிறோம். அதிலேயே தச்சுப் பென்சிலில் அவர் போட்ட இன்னும் இரண்டு கோடு: 2015 டிசம்பர் வெள்ளம், போன வருஷ மிக்ஜாம் புயல் வெள்ளம். 2015 கோடு இவனுடைய மூக்குக்கு நேராக வருகிறது. அத்தை விரலால் தடவிப் பார்த்தார். "நாளைக்கே ஆள வரச் சொல்லும்மா" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

அக்டோபர் 13

சரிவை உடைத்தார்கள். பத்து நிமிஷம். அத்தை உள்ளே டிவி சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தார். மாமி வீட்டுச் சரிவு அப்படியே இருக்கிறது.

அக்டோபர் 14, திங்கள்

கனமழை எச்சரிக்கை, நாளை ஸ்கூல் லீவ். மேம்பாலத்தின் மேல் கார்களைக் கொண்டு போய் நிறுத்துகிறார்கள். எங்கள் ஸ்கூட்டரை எங்கே நிறுத்துவது என்று இவர் சீரியஸாகக் கேட்கிறார். பால் நாலு பாக்கெட், ரொட்டி, மெழுகுவர்த்தி, பாராசிட்டமால். பிறந்த சர்டிபிகேட்டுகளை ஜிப் கவரில் போட்டு லாஃப்டில் ஏற்றினேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

விடிகாலையிலிருந்து மழை. பத்து மணிக்குக் குழி எது, தெரு எது என்று தெரியவில்லை. பச்சைத் துணி மட்டும் அடையாளம். மதியம் மாமி மகன் லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு அதன் பக்கத்தில் காவல் நின்றான், நடப்பவர்களைத் திருப்பிவிட. டீ கொடுத்தேன். "நாங்களும் உடச்சிருக்கலாங்க்கா" என்றான். ஒன்றும் சொல்லவில்லை, பிஸ்கட் கொடுத்தேன்.

முதல் படி முங்கியது. இரண்டாவது படி வரை வந்து நின்றது. அத்தை பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

அக்டோபர் 16

ரெட் அலர்ட் என்றார்கள். வெயில் அடிக்கிறது. துணி துவைத்தேன்.

அக்டோபர் 17, வியாழன்

மாமி சாவியை வாங்கிப் போகச் சொன்னாராம் மேஸ்திரியிடம், காரை நகர்த்திக்கொள்ளட்டும், சரிவை உடைக்கட்டும் என்று. கம்பி கட்டுகிற ஆட்கள் இன்னும் வரவில்லை. சின்னவன் காலையிலிருந்து இரண்டு தும்மல்.