மனுவலில் உள்ள டோர்க் அளவு புது ஸ்டட்டுக்கு ஆகாது

ஜப்பான் எஞ்சினுக்கு அமெரிக்க ஹெட் ஸ்டட் (போல்ட்டுக்குப் பதிலாக ஹெட்டைப் பிளொக்கோடு பூட்டும், நட்டுப் போடும் புரிக்கம்பி) வாங்கிப் போடுகிறவர்கள் அதிகம் விடும் பிழை, கம்பனி மனுவலில் உள்ள டோர்க், அதாவது முறுக்குவிசை அளவுக்கே முறுக்குவது. அது கம்பனி போல்ட்டுக்கும் கம்பனி சொன்ன ஒயிலுக்கும் உரிய அளவு. ஸ்டட்டின் பெட்டிக்குள் ஒரு தாள் இருக்கும். அதில் உள்ளதுதான் செல்லும். அதை எறிந்துவிட்டுக் கராஜ் கராஜாகக் கேட்டுத் திரிகிறார்கள்.

ஹெட்டைப் பிடித்து வைப்பது போல்ட் இழுபடுகிற விசை. கொடுக்கும் முறுக்கில் பத்தில் ஒன்றளவுதான் அந்த இழுவையாகிறது, மிச்சமெல்லாம் உராய்வில் போய்விடும். எம்10 (10 மிமீ விட்ட) போல்ட் ஒன்றை 60 நியூட்டன் மீற்றருக்கு முறுக்குங்கள். உலர்ந்த புரியில், உராய்வைப் பொறுத்து மாறும் காரணி 0.20 என்றால், இழுவை 30 கிலோநியூட்டன். ஒயில் பூசினால், 0.15 என்று வைத்தால், 40. மொலி கிரீஸில் 0.12 என்றால் 50. 1.5 மிமீ புரியுள்ள 10.9 வலிமைத் தர எம்10 போல்ட் நிரந்தரமாக நீளாமல் தாங்கும் எல்லையே ஏறத்தாழ 48தான்! ஆகவே தாளில் எந்தக் கிரீஸ் எழுதியிருக்கிறதோ அதையே புரியிலும் நட்டின் அடியிலும் வாசரிலும் பூசுங்கள்.

திருகோணமலையின் உப்புக் காற்றில் திறந்து கிடக்கும் பிளொக்கில் புரி சீக்கிரம் துருப்பிடிக்கும். துருவில் டோர்க் ரெஞ்ச் அளவு வந்துவிட்டதென்று 'டக்' என்று சொல்லும், பிடி இருக்காது. பிறகு கேஸ்கட் கசியும். துளைப் புரிக்குள் விடும் கருவியான டெப்பில், புரியைத் துப்புரவாக்குவதை மட்டும் விடுங்கள், புதுப்புரி வெட்டும் டெப் இரும்பைத் தின்றுவிடும். அடிமூடிய துளையில் ஒயிலோ தண்ணீரோ தேங்கியிருந்தால், ஸ்டட் இறங்கும்போது அது பிளொக்கிலேயே வெடிப்பு விழ வைக்கும். காற்றடித்து உலர்த்திவிட்டு ஸ்டட்டைக் கையால் இறக்கினால் போதும். முறுக்குவது நட்டைத்தான்: மனுவலில் உள்ள வரிசைப்படி, மூன்று சம படிகளில், நடுவில் நிற்காமல்.

பழைய ஜப்பான் மனுவலில் கிலோகிராம்-மீற்றர், அமெரிக்கத் தாளில் அடி-இறாத்தல், கையில் இருக்கும் ரெஞ்சில் நியூட்டன் மீற்றர். 1 கிலோகிராம்-மீற்றர் 9.8 நியூட்டன் மீற்றர், 1 அடி-இறாத்தல் 1.356. 80 அடி-இறாத்தல் என்றால் 108. 'முறுக்கிவிட்டு 90 பாகை' என்ற கம்பனி முறையை ஸ்டட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம்.

கனெக்டிங் ரொட் போல்ட்டுக்கு இரு முனையும் எட்டும் என்பதால், முறுக்குமுன்னும் பின்னும் நீளத்தை மைக்ரோமீற்றரில் அளந்து, தாளில் உள்ள நீட்சியோடு ஒப்பிடுங்கள். டோர்க்கைவிட அது நம்பகமானது. கிராங்கைப் பிடிக்கும் மெயின் ஸ்டட் மாற்றினால், அதன் மூடியான கெப்பை முழு டோர்க்கில் பூட்டி வைத்து, கிராங்க் இருக்கும் மெயின் துளையை அளந்து பாருங்கள். வட்டம் கோணியிருந்தால் லைன் ஹோன் செய்த (துளைகளை ஒரே நேராகத் தேய்த்து வட்டமாக்கிய) பிறகே கிராங்கை வைக்க வேண்டும்.