அரக்குப் பேனாவும் ஆள்காட்டி விரலும்

ஜூன் 2, திங்கள்

தள்ளுபடி அறிவிப்பு கண்ணில் படாமல் இருந்திருந்தால் இன்று இந்தக் குறிப்பேட்டில் வேறு ஏதாவது எழுதியிருப்பேன். மூன்று ஆண்டுகளாகக் கண்ணாடிப் பேழைக்குள் மட்டுமே பார்த்து வந்த அந்த அரக்கு மெருகிட்ட மைப்பேனா, நூற்றுக்கு நாற்பது குறைத்து விற்பனைக்கு வந்திருக்கிறது. உடல் பித்தளை, அதன்மேல் பூச்சுக்குமேல் பூச்சாக ஏற்றிய அடர்சிவப்பு அரக்கு, வெளிச்சத்தில் சாய்த்தால் சிவப்புக்கு அடியிலிருந்து கறுப்பு மெல்ல எட்டிப் பார்க்கும். நிப்பு 18 காரட் தங்கம். இதுவரை, 'நமக்கு எட்டாது' என்ற ஒரே வார்த்தையில் அந்தப் பேனாவின் கதையை முடித்து வைத்திருந்தேன். விலை இறங்கியதும், 'நம் கைக்குப் பொருந்துமா' என்ற கேள்வி முதன்முறையாக எழுகிறது. எட்டாத பொருளிடம் குறை தேட வேண்டிய தேவை அதுவரை இருந்ததில்லை.

ஜூன் 4, புதன்

கடைக்குப் போய்க் கையில் வாங்கிப் பார்த்தேன். "மை தொட்டு எழுதிப் பாருங்கள் சார். மை நிரப்பிவிட்டால் மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டோம்" என்றார் கடைக்காரர். ஐந்து வரி எழுதினேன். ஐந்து வரிக்கு எந்தப் பேனாவும் நன்றாகத்தான் எழுதும் என்பது தெரிந்தும், எழுத்தைப் பார்க்காமல் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

கொஞ்சம் சுதாரித்துக்கொண்டு, பையில் கொண்டுபோயிருந்த நூலை விரல் பிடிக்கும் கழுத்துப் பகுதியில் சுற்றி அளந்தேன். சுற்றளவு 28 மில்லிமீட்டர். அதாவது குறுக்களவு 9 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. நான் பல ஆண்டுகளாக எழுதிவரும் பழைய ரெசின் (ஒருவகைப் பிளாஸ்டிக்) பேனாவின் கழுத்தை வீட்டிலேயே அளந்திருந்தேன். அது 34 மில்லிமீட்டர், குறுக்களவில் ஏறத்தாழ 11. இரண்டு மில்லிமீட்டர்தானே என்று கணக்கில் தோன்றும், ஆனால் விரல்கள் அப்படிக் கணக்குப் போடுவதில்லை. போதாக்குறைக்குப் புதிய பேனாவின் கழுத்து மெருகிட்ட வெறும் உலோகம். அரக்கு உடலில் மட்டும்தான்.

அதே தட்டில், அதே நிறுவனத்தின் கறுப்பு ரெசின் பேனா ஒன்றும் கிடந்தது. அதே நிப்பு, எடை பாதிக்கும் குறைவு, கழுத்து தடிமனாகவும் வழுக்காததாகவும் இருக்கிறது. அதற்குத் தள்ளுபடி நூற்றுக்குப் பத்து மட்டுமே. அழகானதற்கு நாற்பதும் சாதாரணமானதற்குப் பத்தும் ஏன் என்று கேட்டேன். "அந்த மாடலை நிறுத்தப் போகிறார்கள் சார்" என்றார். ஏன் நிறுத்துகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. என்னைப் போலவே பலர் அதைக் கையில் எடுத்து, ஐந்து வரி எழுதி, பெருமூச்சோடு தட்டில் திரும்ப வைத்திருப்பார்கள் என்று வீடு திரும்பும் வழியில் தோன்றியது. அப்படியானால் அந்த நாற்பது, அவர்களுடைய விரல்கள் சேர்ந்து சொன்ன தீர்ப்பாகவும் இருக்கலாம்.

ஜூன் 7, சனி

பேனா செய்கிறவர்களுக்கு இந்தச் சங்கடம் புதிதல்ல. விரல் பிடிக்கும் இடம் பெரும்பாலும் உடலைவிட ஒடுங்கியே ஆக வேண்டும், ஏனென்றால் மூடி அதன்மேல் இறங்க வேண்டும். உடல் உலோகமானால் எடை ஏறும். உலோகத்தைப் பளபளப்பாக்கினால் வழுக்கும். 1941இல் விற்பனைக்கு வந்த பார்க்கர் 51, நிப்பையே ஒரு கூட்டுக்குள் மறைத்து, கழுத்தும் உடலும் படியில்லாமல் ஒரே ஓட்டமாக இறங்கும்படி செய்தது. அதை வைத்திருப்பவர்கள் கைக்குப் பேனா இருப்பதே தெரியாது என்பார்கள், ஆனால் மைப்பேனாவில் பலரும் விரும்பிப் பார்க்கும் தங்க நிப்பு அதில் கண்ணுக்கே தெரியாது. 1966இல் கெர்ட் மியூலர் வடிவமைத்த லாமி 2000, கண்ணாடியிழை கலந்த பாலிகார்பனேட் உடலைப் பளபளப்பாக்காமல் மங்கலாகவே விட்டது. அந்தச் சொரசொரப்பு விரலுக்கு இதம், கண்ணுக்கு ஏறக்குறைய தவக்கோலம். 1952இல் வந்த மோன்பிளாங் 149, ஏறத்தாழ 15 மில்லிமீட்டர் தடிமனில், பெரிய கைகளுக்கென்றே கடைந்ததுபோல் இருக்கும். சிறிய கைக்காரர்கள் அதை ஆசைக்காக வாங்கி மேசையில் நிறுத்தி வைப்பதும் உண்டு. எல்லாவற்றையும்விட விசித்திரமானது 1963இல் வந்த பைலட் கேப்லெஸ். மூடியே இல்லாமல், பின்னால் திருகினால், பிந்தைய மாடல்களில் அழுத்தினால், நிப்பு வெளிவரும் அந்தப் பேனாவில், கிளிப் விரல் பிடிக்கும் இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. பேனாவை நேர்த்தியாகப் பிடிப்பவர்களுக்கு அது வழிகாட்டி, கோணலாகப் பிடிப்பவர்களுக்கு நந்தி.

நான் கோணலாகப் பிடிப்பவன். ஆள்காட்டி விரலை வளைத்து அழுத்துவது என் பள்ளிக்காலப் பழக்கம். பந்துமுனைப் பேனா கற்றுக்கொடுத்த கெட்ட பழக்கம். மைப்பேனாவுக்கு அழுத்தமே தேவையில்லை. மை தானாக நுண்குழாய் ஈர்ப்பில் நிப்பின் பிளவு வழியாக இறங்குகிறது. பேனாவின் சொந்த எடையே தாளைத் தொடுவதற்குப் போதும். அந்தக் கணக்கில் கனமான பேனா உதவியாகக்கூட இருக்க வேண்டும்.

தங்க நிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. 18 காரட் என்றால் நூற்றுக்கு 75 பங்கு தங்கம். 14 காரட் என்றால் ஏறத்தாழ 58.5. ஆனால் தாளைத் தொடுவது தங்கமே அல்ல. அதன் நுனியில் ஒட்டவைத்துத் தேய்த்த கடினமான வேறொரு உலோகக் கலவை. வழவழப்பு என்று நாம் சொல்வது பெரும்பாலும் அந்தத் தேய்ப்பின் கைத்திறன்தான். ஆகவே நிப்பின் தங்கத்தையும் சுகத்தின் கணக்கிலிருந்து எடுத்து அழகின் கணக்கில் எழுத வேண்டியதாயிற்று.

ஜூன் 8, ஞாயிறு

இன்று ஒரு கிறுக்குத்தனம் செய்தேன். அரக்குப் பேனாவின் எடை மூடியில்லாமல் 33 கிராம் என்று அறிவிப்பில் இருந்தது. என் பழைய பேனா மூடியில்லாமல் 13 கிராம். பற்றவைக்கப் பயன்படும் ஈயக் கம்பியில் 20 கிராம் அறுத்து, பழைய பேனாவின் உடலில் சுற்றி, அதன்மேல் ஒட்டுநாடா இறுக்கினேன். பார்க்க அடிபட்டுக் கட்டுப்போட்ட விரல் போல இருந்தது. அதைக் கொண்டு மூன்று பக்கம் எழுதினேன்.

வலிக்கும் என்று எதிர்பார்த்தது வலிக்கவில்லை. முதல் பக்கத்தில் எடை தெரிந்தது. இரண்டாம் பக்கத்தில் கை பழகிவிட்டது. மூன்றாம் பக்கத்தின் முடிவில் கட்டைவிரலின் அடியில் லேசான அசதி, அவ்வளவுதான். பிறகு எங்கோ கிடந்த, ஏறக்குறைய அதே ஒல்லியான எஃகுப் பந்துமுனைப் பேனாவை எடுத்து ஒரு பக்கம் எழுதினேன். அரைப் பக்கத்திலேயே விரல்கள் நழுவத் தொடங்கின. நழுவாமல் இருக்க இறுக்கினேன். இறுக்கியதில் ஆள்காட்டி விரலின் முதல் கணு வெளுத்தது. பந்துமுனைக்கு வேண்டிய அழுத்தத்தையும் அதில் கழிக்க வேண்டும் என்றாலும், இத்தனை நாள் நான் எடையைச் சந்தேகித்தது தவறு என்பது தெளிவாகிவிட்டது. குற்றவாளி அந்த மெருகிட்ட கழுத்து.

ஜூன் 10, செவ்வாய்

அக்காவிடம் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் இருக்கட்டும்டா, நீ ஒரே மூச்சில் எத்தனை பக்கம் எழுதுவாய்?" என்றாள். பதில் தெரியவில்லை.

ஜூன் 12, வியாழன்

குறிப்பேட்டைத் திருப்பி எண்ணினேன். கடைசி முப்பது குறிப்புகளில் ஒரு பக்கமோ அதற்குக் குறைவோ உள்ளவை 19. இரண்டு பக்கம் 7. மூன்றும் அதற்கு மேலும் 4. மூன்றாம் பக்கத்து வலியை எண்ணிப் பத்து நாள் தூக்கம் கெட்டவன், மூன்றாம் பக்கத்தை எட்டியதே முப்பதில் நான்கு முறைதான். இந்த எண்ணிக்கை அரக்குப் பேனாவுக்குச் சாதகமாக இருந்ததால் சற்று நேரம் மகிழ்ச்சியாக இருந்தேன்.

ஆனால் எண்ணும்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது. நான் திரும்பத் திரும்பப் படிக்கும் குறிப்புகள் அந்த நான்கும்தான். இரண்டாம் பக்கத்தில் கை நழுவத் தொடங்கியிருந்தால் அவற்றில் எதை எந்த வரியோடு நிறுத்தியிருப்பேன் என்று சொல்ல முடியவில்லை.

ஜூன் 14, சனி

வாங்கிவிட்டேன். கறுப்பு ரெசின் பேனாவையும் பத்து நிமிடம் கையில் வைத்திருந்தேன். அதில் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை, ஆசையும் வரவில்லை. குறையில்லாத பழைய பேனா ஒன்று ஏற்கெனவே என்னிடம் இருக்கும்போது இன்னொன்று எதற்கு?

ஜூன் 15, ஞாயிறு

மை நிரப்பியாயிற்று; இனித் திரும்பக் கொடுக்க முடியாது. மூடியைத் திறக்க இரண்டரைச் சுற்று ஆகிறது. அவசரமாக ஒரு எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும் என்றால் இந்தப் பேனா கைக்கு வருவதற்குள் எண் மறந்துவிடும். கடையில் இதை நான் கவனிக்கவே இல்லை, ஏனென்றால் அங்கே மூடியைத் திறந்து கொடுத்தவர் கடைக்காரர்.

எதிர்பாராத இன்னொரு செய்தி: எழுதும்போது அரக்கு தெரிவதில்லை. கண் நிப்பிலும் தாளிலும் இருக்கிறது; சிவப்பு முழுவதும் கைக்கு மேலே, பார்வைக்கு வெளியே. அடுத்த வாக்கியம் வராமல் பேனாவைக் கீழே வைக்கும்போதுதான் அது அழகாக இருக்கிறது. இன்று பல வாக்கியங்கள் வரவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

கழுத்தில் பிடித்தால் நழுவுகிறது என்பதால் விரல்கள் தாமாகவே மேலே ஏறி, மரையைத் தாண்டி, அரக்கின்மேல் உட்கார்ந்துவிட்டன. அங்கே உடல் தடிமன். அரக்கு உலோகத்தைப் போலச் சில்லிடாமல், தோலோடு ஒட்டி நிற்கிறது. அழகுக்காகப் பூசியதே பிடிமானமாகவும் ஆகிவிட்டது என்று துள்ளினேன். ஆனால் பின்னால் பிடித்தால் பேனா சாய்கிறது, சாய்ந்தால் கோடு தடிக்கிறது. ஆங்கில எழுத்தில் அது தெரியவில்லை. தமிழில் 'ணை', 'ஞ', 'இ' ஆகியவற்றின் சுழிகளுக்குள் மை அடைத்துக்கொண்டது. ஆகவே எழுத்தைப் பெரிதாக எழுதத் தொடங்கினேன். பெரிதாக எழுதியதால் மெதுவாக எழுதினேன். மெதுவாக எழுதியதால் விரலின் இறுக்கமும் கொஞ்சம் தளர்ந்தது. இரண்டு பக்கம் வரை வலியில்லை. மூன்றாவது பக்கத்துக்குப் பழைய பேனாவை எடுத்தேன். பார்த்தால் ஒரே குறிப்பை இரண்டு பேர் எழுதியது போல இருக்கிறது.

ஜூலை 6, ஞாயிறு

அரக்குப் பேனாவில் முதல் முறை நிரப்பிய மை நேற்று தீர்ந்தது. மூன்று வாரம் வந்திருக்கிறது. அதே மூன்று வாரத்தில் பழைய பேனாவை நான்கு முறை நிரப்பியிருக்கிறேன், அதுவும் இன்று காலி. ஆனால் தேதி போட்டுக் குறிப்பைத் தொடங்கும்போதெல்லாம் கை முதலில் போனது சிவப்பை நோக்கித்தான். முதல் பத்திகள் எல்லாம் பெரிய எழுத்திலும், மீதி சிறிய எழுத்திலும் இருப்பதே அதற்குச் சாட்சி.

இரண்டையும் கழுவி, நிப்பு கீழ்நோக்கி இருக்கும்படி துணியில் நிறுத்தியிருக்கிறேன். நிப்பின் அடியில் மையைக் கொண்டுவரும் நாக்கில் தங்கிய ஈரம் வடியக் காலை வரை ஆகும். இந்தக் குறிப்பைப் பென்சிலால் எழுதுகிறேன்.