கரிமூட்டத்தில் கேட்க வேண்டிய கேள்விகள்

மரத்தை அடுக்கி, மண் பூசி, எரித்துக் கரியாக்கும் மூட்டத்தில் வேலை செய்யும் குடும்பத்திடம் விசாரணைக்குப் போய், "உங்களை யாராவது கொத்தடிமையா வச்சிருக்காங்களா?" என்று கேட்டால் "இல்லைங்க" என்றுதான் பதில் வரும். முதலாளி பத்தடி தள்ளி நின்றுகொண்டிருப்பார். தவிர, வாங்கிய கடனைக் கழிக்கிறோம் என்பதுதான் அந்தக் குடும்பத்தின் எண்ணம். அந்த "இல்லைங்க" கோப்பில் ஏறிவிட்டால், பிறகு எந்த வழக்கறிஞர் வந்தும் நிமிர்த்துவது கடினம்.

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் மண்டிக்கிடக்கும் சீமைக்கருவேலத்தை வெட்டி மூட்டம் போடும் வேலைக்கு, முன்பணம் கொடுத்துக் குடும்பத்தோடு ஆள் எடுப்பது உண்டு. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் சங்கிலியையோ பூட்டையோ தேடுவதில்லை. கடனுக்காக வேறு வேலைக்குப் போகும் உரிமையோ, நினைத்த இடத்துக்குப் போய்வரும் உரிமையோ, குறைந்தபட்சக் கூலியோ பறிபோயிருந்தால் போதும்.

ஆகவே கேள்விகள் வேறு மாதிரி இருக்க வேண்டும். ஊரில் சாவு விழுந்தால் எல்லோரும் போக முடியுமா, ஒருவரை நிறுத்திக்கொண்டுதான் மற்றவரை அனுப்புவார்களா? ரேஷன் கார்டு யார் கையில்? பக்கத்து மூட்டத்தில் கூடுதல் கூலி தந்தால் போகலாமா? முன்பணத்தில் இதுவரை கழிந்தது எவ்வளவு, அதை எழுதுவது யார்? கணவனையும் மனைவியையும் தனித்தனியே, மூட்டத்தில் வைத்து அல்லாமல் கோட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும்.

வழக்கின் உயிர் கூலிக் கணக்கில் இருக்கிறது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வாங்கும் வேலை கட்டாய உழைப்பே என்று, டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் 1982இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கட்டாய உழைப்பு தெரிந்தால் பின்னால் முன்பணம் இருப்பதாக அனுமானிக்கலாம் என்றது, கொத்தடிமைகளின் விடுதலைக்காகப் போராடும் பந்துவா முக்தி மோர்ச்சா என்ற அமைப்பு தொடுத்த வழக்கில் 1983 டிசம்பரில் வந்த தீர்ப்பு. ஆனால் முதலாளியின் நோட்டில் கணவன் பெயர் மட்டும் இருக்கும். மூட்டைக்கு இவ்வளவு என்று ஒரே தொகை. மரம் வெட்டியது, அடுக்கியது, மண் பூசியது, ராத்திரி தீ வெளியே வெடிக்காமல் காவல் இருந்தது எல்லாவற்றிலும் மனைவிக்கும் பங்குண்டு. அந்தத் தொகையை உழைத்த ஆட்களால், உழைத்த நாட்களால் வகுத்துப் பார்த்தால்தான் உண்மைக் கூலி தெரியும். இந்த வகுத்தல் இல்லாமல் போகிற மனுக்கள்தான் அதிகம்.

அடுத்தது விடுதலைச் சான்றிதழ், அதாவது கொத்தடிமை நிலையிலிருந்து விடுவிக்கப்பட்டவர் என்று கோட்டாட்சியர் தரும் சான்று. குடும்பத்துக்கு ஒன்று என்று எழுதிவிடுவார்கள். ஆளுக்கு ஒன்று கேட்டு வாங்க வேண்டும். மத்தியத் திட்டத்தின் உடனடி உதவி 30,000 ரூபாய் வரை, பின்னர் ஆணுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், கொடுமை மிகுந்தால் 3 லட்சம் என எல்லாமே தனித்தனி ஆளுக்குத்தான். ஆதாரில் உள்ள எழுத்தே சான்றிதழிலும் இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுவது நல்லது. ஒரு எழுத்து பிசகினாலும் வங்கியில் சிக்கும். இருளர் குடும்பமாக இருந்தால் பழங்குடிச் சாதிச் சான்றிதழ் மனுவையும் கூடவே எழுதி வைக்கலாம், அதைத் தருவதும் கோட்டாட்சியர்தான்.

வழக்கு கெடுவது பெரும்பாலும் நல்லெண்ணத்தில். "பாவம், பேசி முடிச்சு அனுப்பிடுவோம்" என்று ராத்திரியோடு ராத்திரியாக பஸ் ஏற்றிவிடுவார்கள். சான்றிதழ் இருக்காது, முதல் தகவல் அறிக்கையும் இருக்காது. சில இடங்களில் பாக்கி முன்பணத்துக்குத் தவணை வேறு பேசப்படும். 1976 சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி அந்தக் கடனே ஒழிந்துபோனது. கடன் கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பும் 15ஆம் பிரிவின்படி கொடுத்தவர் தலையில்தான்.

முன்பணத்துக்காகக் கிடை ஆடு மேய்க்க விடப்பட்ட சிறுவர்கள் விஷயத்தில் தலைவலி, எந்தக் காவல் நிலையத்தின் எல்லை என்பது. கிடை வயலுக்கு வயல், மாவட்டத்துக்கு மாவட்டம் நகரும். "எங்க ஸ்டேஷன் இல்லை" என்பார்கள். எந்தக் காவல் நிலையத்திலும் புகாரைப் பதியலாம் என்பதை, 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸின் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 173ஆம் பிரிவைக் காட்டிக் கேட்க வேண்டும். பையனை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும். அவன் சொந்த மாவட்ட ஆட்சியருக்குச் சான்றிதழின் நகலைக் கையோடு அனுப்பிவிட வேண்டும். மறுவாழ்வுப் பணம் அங்கிருந்துதான் நகரும்.