பட்டடைக் கட்டை

ஜூன் 2
பட்டடை வந்து சேர்ந்தது, சூட்டிரும்பை வைத்து அடிக்கிற இரும்புக் கட்டி. 70 கிலோ. இப்போதைக்குத் தரையிலேயே கிடக்கிறது. அதை ஏற்றி வைக்கக் கட்டை ஒன்று செய்தாக வேண்டும். தோள் ஸ்கேன் வெள்ளிக்கிழமை.

ஜூன் 3
உயரம், உயரம், உயரம். காலையிலிருந்து மனசு அதிலேயே நிற்கிறது.

பழைய கணக்கு எளிமையானது. நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டு முஷ்டி பிடித்தால் விரல் முட்டி எந்த உயரத்தில் வருகிறதோ, அந்த உயரத்தில் பட்டடையின் முகம், அடி விழும் மேல்பரப்பு, இருக்க வேண்டும். செருப்பில்லாமல் அளக்கக் கூடாது. வேலை செய்யும்போது போடுகிற பூட்ஸோடு நின்றுதான் அளக்க வேண்டும், அதன் அடி மட்டுமே 3 செ.மீ. வரும். எனக்கு 78. பட்டடையின் உயரம் 28. ஆக, கட்டை 50.

மகள் சின்னவளையும் நிற்கச் சொல்லி அளந்தேன். அவளுக்கு 71. கட்டை 43.

7 செ.மீ. வித்தியாசம். அளக்கும் வரை இதை யோசிக்கவே இல்லை.

ஜூன் 4
கொல்லைப்புறத்தில் கிடக்கும் அடிமரத் துண்டை அப்படியே வைத்துவிடலாமா என்று பார்த்துவிட்டு வந்தேன். நல்ல கனம், நாற்பது செ.மீ. விட்டம், பார்க்கவும் கம்பீரம். ஆனால் வெட்டி அதிக நாளாகவில்லை. தட்டினால் ஈரமான சத்தம் வருகிறது.

மரம் காயும்போது எல்லாப் பக்கமும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. வளையங்களின் சுற்றுப்போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து பட்டை நோக்கிச் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. சுற்றளவு குறைகிறது, உள்ளே இருக்கும் மரம் அந்த அளவுக்குக் குறைவதில்லை. எங்காவது பிளந்துதான் ஆக வேண்டும். முழு உருளையாக இருக்கும் எந்தத் துண்டிலும் நடுவிலிருந்து ஒரு வெடிப்பு ஓடுவது இதனால்தான். அந்த வெடிப்பின் மேல் பட்டடையின் ஒரு கால் உட்கார்ந்தால் நான்கு கால்களும் ஒரே மட்டத்தில் நிற்காது. இரும்புப் பட்டை சுற்றி இறுக்கலாம் என்பார்கள். காயக் காயப் பட்டை தளரும், மறுபடி இறுக்க வேண்டும். அறுத்த பலகைக்கே 25 மி.மீ. கனத்துக்கு ஒரு வருடம் உலர வேண்டும் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். நாற்பது செ.மீ. உருளைக்கு எத்தனை வருடம் காத்திருப்பது?

இருக்கிற காத்திருப்பே போதும்.

இரும்பில் முக்காலி மாதிரி வெல்டிங் செய்யலாம். மூன்று கால், எந்தத் தரையிலும் ஆடாது. குழாய்க்குள் உலர்ந்த மணலை நிரப்பினால் சத்தமும் அடங்கும். ஒரு கை தூக்க முடியாதவன் தலைகீழாக வெல்டிங் செய்ய முடியாது, அவ்வளவுதான். மரமே சரி. ஆனால் ஒரே துண்டாக வேண்டாம்.

ஜூன் 5
அசையாமல் படுக்கச் சொன்னார்கள். முடிவு திங்கள்.

ஜூன் 6
சின்னவளும் நானும் மரம் பொறுக்கினோம். 100 மி.மீ. சதுரச் சட்டம், வைரம் பாய்ந்தது, நன்றாகக் காய்ந்தது. மூன்றுக்கு நான்காக 12 துண்டுகளை நிறுத்தி ஒட்டினால் 30-க்கு 40 செ.மீ. பரப்பு. பட்டடையின் அடி 25-க்கு 27, சுற்றிலும் கொஞ்சம் விளிம்பு மிஞ்சும். அதிகம் மிஞ்சினால் கால் கிட்டே போகாது, எட்டி நின்று குனிய வேண்டி வரும்.

"எதுக்குப்பா நிக்க வச்சு ஒட்டணும், படுக்க வச்சு அடுக்கினா ஈஸியா இருக்குமே?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. ஒரு துண்டை அவள் கையில் கொடுத்துச் சுத்தியலால் முதலில் பக்கவாட்டில் அடிக்கச் சொன்னேன், அப்புறம் முனையில். பக்கத்தில் அடித்த இடம் அழுந்திக் குழிந்தது. முனையில் ஒரு கீறலோடு சரி. மரத்தின் நார் நீளவாக்கில் தாங்கும் பாரம் குறுக்கே தாங்குவதைப் போலப் பல மடங்கு. படுக்க வைத்த மரம் ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் அழுந்தி எழும். இரும்புக்குப் போக வேண்டிய அடியில் ஒரு பங்கை அந்த அசைவு தின்றுவிடும்.

கணு இருந்த ஒரு சட்டத்தை ஒதுக்கிவிட்டாள். நான் சொல்வதற்கு முன்பே.

ஜூன் 8
முடிவு வரவில்லை. புதன்கிழமை கூப்பிடச் சொன்னார்கள்.

ஜூன் 9
ஒட்டியாகிவிட்டது. துண்டுகளை 55 செ.மீ. நீளத்தில்தான் வெட்டி ஒட்டினோம். உயரத்தை அப்புறம் முடிவு செய்து அறுத்துக்கொள்ளலாம். நீளம் எவ்வளவு என்று அவள் கேட்டபோது 50 என்று சொல்ல வாய் வந்தது, 55 என்று சொன்னேன்.

பசையை மட்டும் நம்பவில்லை. 12 மி.மீ. திருகுக் கம்பி நான்கு, இரண்டு அகலவாக்கில், இரண்டு நீளவாக்கில். ஒரே மட்டத்தில் துளைத்தால் உள்ளே கம்பியும் கம்பியும் மோதும், அதனால் நீளவாக்குக் கம்பிகளை 3 செ.மீ. மேலே தள்ளி வைத்தோம். எந்த உயரத்தில் அறுத்தாலும் கம்பியில் படாதபடி எல்லாமே 36 செ.மீ.-க்குக் கீழே. ட்ரில்லை அவள்தான் பிடித்தாள். நான் மூலைமட்டத்தை வைத்துக்கொண்டு "கொஞ்சம் இடது, கொஞ்சம் இடது" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். 30 செ.மீ. மரத்தைத் துளைத்து மறுபக்கம் வந்தபோது குறி வைத்த புள்ளிக்கு ஒரு நூல் தள்ளி வந்திருந்தது. எனக்கு இத்தனை சுத்தமாக வந்திருக்குமா தெரியாது.

வாஷர் பெரிதாகப் போட வேண்டும். சின்ன வாஷர் மரத்துக்குள் புதைந்து இறுக்கம் போய்விடும்.

ஜூன் 10
தோளில் பாதிக் கிழிசல். வெட்ட வேண்டாமாம். தோளுக்கு மேல் கை போகக் கூடாது, பாரம் கூடாது. சுத்தியல் பற்றிக் கேட்டேன். எத்தனை கிலோ என்றார். ஒன்று என்றேன். மூன்று மாதம் போகட்டும், அப்புறம் பார்த்துச் சொல்கிறேன் என்றார். பார்த்துச் சொல்கிறேன் என்றால் என்ன பொருள் என்று திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்தேன்.

ஜூன் 11
தூக்கம் வரவில்லை. எழுந்து போய்க் கட்டையைப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

50-இல் அறுத்தால் எனக்கு. 43-இல் அறுத்தால் அவளுக்கு. நடுவில் 46 என்று வைத்தால் இரண்டு பேருக்கும் இல்லை.

அவள் நிற்க ஒரு பலகை போட்டுக் கொடுத்தால் ஆச்சு என்றார் அண்ணன். ஒத்துக்கொள்ள முடியவில்லை. உலையிலிருந்து பழுத்த கம்பியைக் குறட்டில் பிடித்துத் திரும்புகிறவள் கண் கம்பியில் இருக்கும். கால் தானாக நடக்கும். அந்த இரண்டு எட்டுக்குள் ஒரு படி ஏறு என்று எப்படிச் சொல்வது? ஏறியே பழகிவிட்டாலும், ஒருநாள் தடுக்கும்.

எட்டாத உயரத்தில் அடித்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், அதுவும் இந்த மாதம் நன்றாகவே தெரியும். முகம் உயரமாக இருந்தால் கை கீழே நிற்கும், சுத்தியலின் கைப்பிடி உன் பக்கம் சாயும், சுத்தியல் முகத்தின் கிட்டத்து விளிம்பு முதலில் விழும். சூட்டிரும்பில் உன் பக்கமாகப் பிறை பிறையாக வடு விழுகிறது என்றால் பட்டடை உயரம் என்று அர்த்தம். எதிர்ப்பக்கம் விழுந்தால் தாழ்வு. வடுவை விட மோசம், அந்த உயரத்தைச் சமாளிக்க ஒவ்வொரு அடிக்கும் தோளைத் தூக்குவது. ஒரு சாயங்காலத்தில் தெரியாது. வருடக் கணக்கில் தெரியும்.

மூன்று மாதம் இந்தப் பட்டடை யாருக்கு? இதைக் கேட்டுக்கொள்ளத்தான் இத்தனை சுற்று.

ஜூன் 12
பழைய பலகைகளை அடுக்கி, மேலே மென்மரத் துண்டு ஒன்றை ஆணியடித்து, அந்தத் துண்டின் மேல்முகம் 71-இல் வரும்படி வைத்தேன். "சும்மா அடிம்மா, பலமா வேணாம்" என்றேன். 800 கிராம் சுத்தியல். வரிசையாக அடித்தாள். குனிந்து பார்த்தேன்: வட்டம், முழு வட்டம், எந்தப் பக்கமும் விளிம்பு ஆழமாக இறங்கவில்லை. 78-க்கு ஏற்றி மறுபடி அடிக்கச் சொன்னேன். எல்லாமே அவள் பக்கமாகப் பிறை. முழங்கை வெளியே போய்விட்டது, தோள் காது வரை.

43.

ஜூன் 13
அறுத்தாள். மேல்முகத்தை இழைப்புளியால் நான் இடது கையால் தள்ளிப் பார்த்தேன். மனைவி வாசலில் நின்று பார்த்தது தெரிந்து வைத்துவிட்டேன்.

அடிப்பக்கம் முழுத் தட்டையாக விடவில்லை. நடுவைக் குடைந்து, மூன்று இடத்தில் மட்டும் பாதம் மாதிரி விட்டிருக்கிறோம். முன்னால் இரண்டு மூலை, பின்னால் நடு. தரை எங்கும் ஒரே மட்டமாக இருக்காது. மூன்று பாதம் எங்கு வைத்தாலும் மூன்றும் தொடும். மூன்றும் விளிம்போடு ஒட்டி இருக்க வேண்டும், உள்ளே தள்ளினால் பட்டடையின் கொம்பு, அதாவது ஒரு பக்கம் நீளும் கூம்பு, அதன் நுனியில் அடிக்கும்போது சாயும். ரசமட்டம் வைத்துப் பார்த்தாயிற்று. குமிழ் நடுவில்.

முனைகளுக்கு மெழுகு பூசினோம். முனை வழியாக ஈரம் போவதும் வருவதும் பக்கவாட்டைப் போலப் பத்து மடங்குக்கு மேல்.

ஜூன் 14
அண்ணனும் அவர் மகனும் வந்து பட்டடையை ஏற்றினார்கள். நான் தொடவில்லை. தொட விடவில்லை.

கட்டையின் மேல் சிலிக்கான் சீலண்டைத் தாராளமாகப் போட்டு அதன் மேல் இறக்கினோம். இரும்புக்கும் மரத்துக்கும் நடுவே இடைவெளி இருந்தால் பட்டடை மணி மாதிரி ஒலிக்கும், சூட்டிரும்பிலிருந்து உதிரும் செதிலும் உள்ளே போய்ச் சேரும். 24 மணி நேரம் தொடாதே என்று டப்பாவில் இருக்கிறது.

இறுக்கிப் பிடிப்பதற்கு மேலிருந்து திருகாணி இறக்கலாம் என்றார் அண்ணன். நார் முனையில் திருகாணி உறுதியாக நிற்காது, அடிக்க அடிக்கக் கழன்று வரும். அதனால் 40-க்கு 6 மி.மீ. இரும்புப் பட்டையைப் பழுக்கக் காய்ச்சி வளைத்து, பட்டடையின் பாதத்தைக் கவ்வி, கட்டையின் பக்கவாட்டில் இறக்கி முடுக்கியிருக்கிறோம். வளைத்தது அவள். தரையில் கிடந்த தண்டவாளத் துண்டின் மேல் வைத்து. சொந்தப் பட்டடைக்கான முதல் வேலையைப் பட்டடை இல்லாமலே செய்திருக்கிறாள்.

ஜூன் 15
வலி. வேறொன்றும் இல்லை.

ஜூன் 16
அடித்தாள்!

முதலில் எஃகுக் குண்டைப் போட்டுப் பார்த்தோம். 25 செ.மீ. உயரத்திலிருந்து விட்டால் 20-க்கு மேல் எழும்புகிறது. அது பட்டடையின் முகம் எப்படி என்று சொல்லும், கட்டையைப் பற்றி அதிகம் சொல்லாது. கட்டைக்கு என் சோதனை வேறு. மூன்று பாதத்தைச் சுற்றியும் தரையில் சாக்பீஸால் கோடு போட்டேன். ஒரு மணி நேரம் கனத்த கம்பியை அடித்து நீட்டினாள், முகத்தில், கொம்பில், விளிம்பில். அப்புறம் மண்டியிட்டுப் பார்த்தேன். பின் பாதத்தில் மட்டும் கோட்டுக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு தாள் நுழைகிற சந்து. மற்ற இரண்டும் அசையவே இல்லை.

சத்தம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத்தைக் கொம்புக்கு எதிர் முனையின் அடியில் ஒட்டினேன். இழுத்து ஒலித்தது "டக்" என்று நின்றது. ஆனாலும் காதடைப்பு இல்லாமல் அவளை விடமாட்டேன். 85 டெசிபலில் எட்டு மணி நேரம்தான் காதுக்குக் கணக்கு, பட்டடைச் சத்தம் அதைச் சாதாரணமாகத் தாண்டும்.

என்னையும் ஒரே ஒரு அடி அடிக்கச் சொன்னாள். "வேண்டாம்மா" என்றேன்.

ஜூன் 18
குறடு மாட்டும் கம்பியை அவளுக்கு எதிர்ப்பக்கம் வைத்தோம். நிற்கும் பக்கம் வைத்தால் தொடையில் இடிக்கும். பட்டடை முகத்தில் இருக்கும் துளைக்கு நேர் கீழே எதுவும் மாட்டவில்லை, துளை போடும்போது விழும் துண்டுக்கு வழி வேண்டும்.

ஜூன் 20
35 மி.மீ. பலகை இரண்டு மீந்திருக்கிறது. சேர்த்தால் சரியாக 7 செ.மீ. கட்டைக்குக் கீழே கொடுத்து போல்ட் போட்டால் 78. படுக்கை மரம்தான், மூன்று பாதத்துக்குக் கீழே கொஞ்சம் அழுந்தும். அறுத்த நீளத்தைத் திரும்ப ஒட்ட முடியாது, தாழ்ந்ததை எப்போதும் ஏற்றலாம். ரேகை ஒன்றுக்கொன்று குறுக்காக வரும்படி வைத்துத் துளைக்குக் குறி போட்டேன். துளைக்கவில்லை.

ஜூன் 21
நட்டுகள் இரண்டு தளர்ந்திருக்கின்றன, மரம் இன்னும் கொஞ்சம் காய்கிறது. நாளை அவள் வந்ததும் நான்கையும் இறுக்கச் சொல்ல வேண்டும்.