வரிசைப் பற்களும் ஈறுகளின் நலமும்

என் மகளின் பற்களுக்குக் கிளிப் போட முடிவு செய்தபோது, அழகுக்காகவா இவ்வளவு செலவு என்று உறவினர் சிலர் கேட்டனர். எனக்கோ ஈறுகளைப் பற்றியே கவலை. ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருங்கி நிற்கும் பற்களின் இடுக்குகளைப் பிரஷ் எளிதில் எட்டாததால், அங்கே தங்கும் அழுக்குப் படலம் உமிழ்நீரிலுள்ள கால்சியம் உப்புகள் சேர்ந்து காரையாக இறுகி, ஈறுகளை வீங்கச் செய்து, கவனிக்காமல் விட்டால் பற்களைத் தாங்கும் எலும்பையே கரைத்துவிடக்கூடும். கீழ்த்தாடை முன்பற்களின் பின்புறத்தில் உமிழ்நீர் நாளங்கள் திறப்பதால் அங்கேதான் காரை விரைவில் படிகிறது. பற்களின் நெருக்கமும் அங்கே மிகுதி. துருத்திய மேற்பற்கள், விளையாடும்போது விழுந்தால் எளிதில் உடைகின்றன. ஆகவே 7 வயதிலேயே ஒருமுறை பல் சீரமைப்பு மருத்துவரிடம் காட்டுவது நல்லது. கிளிப் போட்டிருக்கும் காலத்தில் உணவுத் துணுக்குகள் கம்பியில் சிக்கும் என்பதால், சாப்பிட்ட பின் ஒவ்வொரு முறையும் துலக்காவிட்டால், பற்கள் நேராகி வரும்போதே சொத்தையும் தொடங்கிவிடும்.