304 ஆடுகிறவர்களுக்கு பிளாக்ஜாக்

304 சீட்டாட்டம் நன்றாக ஆடுகிறவர்களுக்கு கேசினோவில் ஆடுகிற பிளாக்ஜாக் சொல்லிக்கொடுப்பது கொஞ்சம் சிரமம்தான். அட்டன், மஸ்கெலியா பக்கம் மழை பிடித்துக்கொண்டால் லயத்து இஸ்தோப்பில் நாலு பேர் உட்கார்ந்து ஆடுவது 304 தான், ஜேக்குக்கு 30, ஒன்பதுக்கு 20 என்று சின்ன வயதிலேயே மனதில் ஊறிப்போயிருக்கும், துரும்பைக் கவிழ்த்து வைப்பதும் எதிரே இருக்கிற கூட்டாளியின் முகத்தைப் பார்ப்பதும் கைப்பழக்கம் ஆகியிருக்கும். பிளாக்ஜாக்கில் இது எதுவுமே கிடையாது. துரும்பு இல்லை, கூட்டாளி இல்லை. ஜேக், குயின், கிங் மூன்றுக்கும் 10 தான், ஏஸுக்கு 1 அல்லது 11, நமக்கு எது வசதியோ அது, மற்றதுக்கெல்லாம் கார்டில் உள்ள எண். மேசையில் ஐந்து பேர் இருந்தாலும் அவர்களுக்குள் போட்டி இல்லை, ஒவ்வொருவரும் கேசினோ சார்பில் கார்ட் போடுகிற டீலரோடு மட்டும்தான் மோதுகிறார்கள்.

பெட் வைத்ததும் எல்லோருக்கும் இரண்டு கார்ட். டீலருக்கும் இரண்டு, ஒன்று திறந்து, ஒன்று கவிழ்த்து. 21ஐத் தாண்டாமல் டீலரை விடக் கூட எடுத்தால் வெற்றி, தாண்டினால் போச்சு. இன்னொரு கார்ட் கேட்கலாம், போதும் என்று நிற்கலாம், பெட்டை இரட்டிப்பாக்கி ஒரே ஒரு கார்ட் மட்டும் வாங்கலாம். சோடியாக வந்தால் பிரித்து இரண்டு கையாகவும் ஆடலாம்: ஏஸ் சோடியையும் 8 சோடியையும் எப்போதும் பிரியுங்கள், 10 சோடியைத் தொடவே வேண்டாம், கையில் இருக்கிற 20ஐ உடைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு பொறுக்காது.

இனிதான் முக்கியமான இடம். டீலருக்குச் சொந்த முடிவு எதுவும் இல்லை, 16 வரை எடுத்தே ஆக வேண்டும், 17 வந்தால் நிற்க வேண்டும் (ஏஸும் 6ம் சேர்ந்த 17க்கு மட்டும் சில மேசைகளில் இன்னொன்று எடுப்பார்கள்). அதனால் நம் கார்டை விட டீலரின் திறந்த கார்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வீட்டில் கௌபி விதையை பெட்டாக வைத்து ஆடும்போது தம்பி கேட்டான், "16ஐ வச்சிக்கிட்டு சும்மா இருக்கச் சொல்றீங்களாண்ணே?" ஆமாம், டீலர் 6 காட்டினால் சும்மாதான் இருக்க வேண்டும். 16க்கு மேல் ஒரு கார்ட் எடுத்தால் 6 முதல் கிங் வரை எது வந்தாலும் நாம் அவுட், அது 52 கார்டில் 32. அதே சமயம் 6 காட்டுகிற டீலர் நூறு தடவையில் நாற்பதுக்கு மேல் தானாகவே 21ஐத் தாண்டிவிடுவார். அப்படியிருக்க நாம் ஏன் முந்திக்கொண்டு விழ வேண்டும்? டீலர் 7 அல்லது அதற்கு மேல் காட்டினால் கதை வேறு, அப்போது 17 வரும்வரை கேட்டுத்தான் ஆக வேண்டும், பயமாக இருந்தாலும்.

கேசினோவுக்கு லாபம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பவர்களுக்கு: நாம் முதலில் ஆடுகிறோம். நாம் 21ஐத் தாண்டியதுமே பெட்டை எடுத்துவிடுவார்கள், பிறகு டீலரும் தாண்டினாலும் நம் காசு திரும்பாது. முழுக்க முழுக்கச் சரியாக ஆடினாலும், நல்ல விதிகள் உள்ள மேசையிலேயே, 100 ரூபாய்க்கு சுமார் 50 சதம் அவர்கள் பக்கம் சாயும்.

அப்புறம் இன்சூரன்ஸ். டீலர் ஏஸ் காட்டினால், அடியில் கவிழ்ந்திருப்பது 10 என்று தனியாக ஒரு பெட் வைக்கிறீர்களா என்று அன்பாகக் கேட்பார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அடியில் 10 இருந்தால் இரண்டு மடங்கு கொடுப்பார்கள், ஆனால் கட்டு முழுவதிலும் 10 மதிப்புள்ள கார்ட் 16 தான், மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை, கணக்கு நமக்கு உதைக்கிறது.

கொழும்புக்குப் போய் நிஜ மேசையில் உட்காருகிறவர்கள் விரிப்பில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு உட்காருங்கள். ஏஸும் பத்தும் சேர்ந்து வந்தால் 3க்கு 2 என்று இருந்தால் 100 ரூபாய்க்கு 150 வரும். 6க்கு 5 என்றால் 120 தான், அந்த மேசையில் உட்காரவே வேண்டாம்.