அந்தச் சிவப்பு கடற்பாசியுடையது இல்லை

ஆய்வகத்தில் சேர்ந்த முதல் வருடம் எனக்குக் கொடுத்த வேலை, பழுப்புக் கடற்பாசியிலிருந்து ஃபுகாய்டன் என்ற சல்பேட் சர்க்கரையைப் பிரித்தெடுத்து, ரா 264.7 என்ற சுண்டெலி மேக்ரோபேஜ், அதாவது கிருமியை விழுங்கும் நோயெதிர்ப்புச் செல்களோடு சேர்த்துப் பார்ப்பது. தூண்டப்பட்ட செல் நைட்ரிக் ஆக்சைடை வெளிவிடும், அது நைட்ரைட்டாகி ஊடகத்தில் தங்கும், கிரீஸ் கரைசலை விட்டால் இளஞ்சிவப்பாகும். எங்கள் 96 குழித் தட்டு நன்றாகவே சிவந்தது. அழற்சியைத் தூண்டும் புரதமான டிஎன்எஃப் ஆல்ஃபாவும் ஏறியிருந்தது. ஃபுகாய்டன் நோயெதிர்ப்பைத் தூண்டுகிறது என்று சுவரொட்டிவரை தயார்.

குழுக் கூட்டத்தில் மூத்தவர் ஒருவர், "எண்டோடாக்சின் பார்த்தாச்சா?" என்றார். பார்க்கவில்லை.

கடற்பாசியின் மேற்பரப்பே பாக்டீரியாக்களின் குடியிருப்பு. கிராம் நெகட்டிவ் பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் உள்ள லிப்போபாலிசாக்கரைடுதான் எண்டோடாக்சின். பிரித்தெடுக்கும்போது அது கூடவே வந்துவிடும், மில்லிலிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே மேக்ரோபேஜின் டிஎல்ஆர்4 ஏற்பி அதைக் கண்டுபிடித்துவிடும். ஆட்டோகிளேவின் அழுத்த நீராவிக்கும் அது மசியாது. கண்ணாடிப் பாத்திரம் என்றால் 250 டிகிரியில் அரை மணி நேரம் சுடலாம், மாதிரியைச் சுட்டால் கரிதான் மிஞ்சும்.

எண்டோடாக்சினைப் பிடித்து முடக்கும் பாலிமிக்ஸின் பி சேர்த்துத் திரும்பச் செய்தேன். சிவப்பு பெரும்பாலும் போய்விட்டது. உடனே மனசு சாக்கு தேடியது: பாலிமிக்ஸினுக்கு நேர்மின்னேற்றம், ஃபுகாய்டனின் சல்பேட்டுகளுக்கு எதிர்மின்னேற்றம், ஒருவேளை ஃபுகாய்டனையே பிடித்து முடக்கிவிட்டதோ? அடுத்து எண்டோடாக்சினைக் கண்டறியும் லிமுலஸ் சோதனை. அது குதிரைலாட நண்டின் ரத்த அணுக்களிலிருந்து எடுப்பது, அதாவது ஒரு கடல் உயிரியின் நோயெதிர்ப்புச் செல்லை வைத்து இன்னொரு கடல்பொருளைச் சோதிக்கிறோம். அதிலும் ஒரு சிக்கல், கடற்பாசியில் உள்ள லாமினாரின் மாதிரி பீட்டா குளுக்கான் சர்க்கரைகள் அதைப் பொய்யாகத் தூண்டக்கூடும். அதனால் அந்தச் சர்க்கரைகளைக் கண்டுகொள்ளாமல் எண்டோடாக்சினை உணரும் காரணி சி என்ற புரதம் மட்டும் உள்ள சோதனையையும் செய்தோம். எண்டோடாக்சினேதான்.

மாதிரியைச் சுத்தம் செய்து, அப்புறம் திசையை மாற்றினோம்: லிப்போபாலிசாக்கரைடால் செல்களைத் தூண்டிவிட்டு ஃபுகாய்டன் அதைக் குறைக்கிறதா என்று பார்த்தோம். அதிக அளவில் அழகாகக் குறைந்தது, ஆனால் செல்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்க்கும் எம்டிடி சோதனையில் பாதிச் செல்கள் செத்திருந்தன. செத்த செல் எங்கே நைட்ரிக் ஆக்சைடு விடும்?

கடல்பொருள் என்றாலே அழற்சியைத் தணிக்கும் என்று சொல்பவர்களிடம் காராஜீனனைச் சொல்வேன். அதுவும் கடற்பாசியின் சல்பேட் சர்க்கரைதான், அதை எலியின் பாதத்தில் ஊசியாகப் போட்டு வீக்கம் வரவைப்பது 1962இலிருந்து வழக்கமான சோதனை.

குறைந்த அளவில், செல்கள் உயிரோடு இருக்கும்போது, ஒரு சின்ன இறக்கம் மட்டும் ஒவ்வொரு முறையும் வந்தது. சுவரொட்டியின் தலைப்பை அழித்துவிட்டு அதைத்தான் எழுதினேன்.